இருபத்திரண்டு மில்லிமீட்டர்

பச்சை உரிந்த இடத்தில்
இன்னொரு பச்சை.
அதையும் சுரண்டினால் மணல் நிறம்.
எந்தப் பாலையில் டாங்கி சுமந்ததோ,
ஏலச் சீட்டில் எடையும் விலையும் மட்டும்.

கஜபதி அதைப் பட்டறைக்கு இழுத்துவந்த அன்று
சாத்தாங்காட்டில் முழங்கால் தண்ணீர்.
பழைய என்ஜின் ஓடாமல் இல்லை.
ஓடியது.
லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர்,
அதுவும் இறக்கத்தில்.
மணலி ரோட்டில் இறக்கம் ஏது?

மீஞ்சூர் தாண்டிக் கவிழ்ந்த டிரெய்லரிலிருந்து
புதுசு வந்தது, தார்ப்பாய் போர்த்தி.
டிரைவர் பிழைத்துக்கொண்டான் என்றார்கள்
நான் கேட்காமலே.

பழசு அங்குலத்தில் பிறந்தது,
புதுசு மில்லிமீட்டரில்.
அந்தப் பக்கம் பன்னிரண்டு துளை, இந்தப் பக்கம் பத்து.
ஒன்றின்மேல் ஒன்று விழவில்லை.
நடுவே ஒரு தகடு வேண்டும்.
அது என் வேலை.
செலஸ்டீனா என்று பில்லில் எழுதமாட்டார்கள்,
லேத் கூலி என்று எழுதுவார்கள்.

முதல் தகடு இருபத்தைந்து கனம்.
மாட்டிப் பார்த்தோம்.
கியர்பாக்ஸ் தண்டின் நுனி
என்ஜினுக்குள் இருக்கும் குட்டி பேரிங்கைத் தொடவில்லை,
கூட்டத்தில் பஸ் கம்பிக்கு எட்டாத கை மாதிரி.
"மூணு மில்லிதானே, உடு" என்றார் கஜபதி.
"மூணு மில்லில தண்டு ஆடும்.
நடு ரோட்ல நிக்கும்.
பின்னால எண்ணூர் வரைக்கும் கண்டெய்னர் நிக்கும்.
அத்தனை பேரும் உன்னைத்தான் திட்டுவான்."

இரவெல்லாம் முகம் சீவினேன்.
நீலநீலமாய்ச் சுருள்கள் செருப்பைச் சுற்றி.
இருபத்திரண்டு.
டொக்.
அந்தச் சத்தத்தை நான் வீட்டில்
சொல்லிப் பார்த்தேன். சோறு போட்டார்கள்.

புதுசு அப்போதும் வாய் திறக்கவில்லை.
சாவி திருப்பினால் சிவப்பு விளக்கு மட்டும்.
ராயபுரத்திலிருந்து ஜஹானா வந்தாள்,
ஆயில் டிரம்மின் மேல் லேப்டாப்பை வைத்தாள்.
"தன்னோட லாரியைத் தேடுதுக்கா."
வேகம் சொல்லும் சென்சார் எங்கே,
பிரேக் பெட்டி எங்கே,
என் சாவி எங்கே என்று
திரையில் கேட்டுக்கொண்டே இருந்தது.
கவிழ்ந்ததை யாரும் அதற்குச் சொல்லவில்லை.

இரண்டு நாள் அவள் பொய்களை வயரில் கோத்தாள்.
அரிசி அளவு ரெசிஸ்டர்: இதுதான் உன் பிரேக்.
இன்னொன்று: கதவு சாத்தியிருக்கிறது.
இன்னொன்று என்னவென்று கேட்டேன்.
"எல்லாம் சரியா இருக்குன்னு சும்மா சொல்றது."

மூன்றாம் நாள் சாயங்காலம்
நம்பிவிட்டது.
கூரைத் தகரம் அதிர, டீ கிளாஸ் மேசையில் நடந்துபோனது.
கஜபதி புகைக்குழாயிடம் குனிந்தார்,
ஏமாந்தவர்போல நிமிர்ந்தார்.
"இன்னாமே, பொகையே காணோம்?"

என்ஜின் எண்ணை மாற்றி எழுத மூன்று முறை அலைந்தார்.
"அப்போ இது எந்த வண்டி?" என்றாராம் அதிகாரி.
சட்டத்தில் வெட்டிய பழைய எண்ணை
விரலால் தேய்த்துக் காட்டினாராம்,
போலீசில் மச்சம் காட்டுவதுபோல.

பழைய என்ஜின் டயர்களின்மேல் கிடக்கிறது.
காயலான் கடைக்காரன் ஒவ்வொரு முறை விலை கேட்கும்போதும்
இரண்டாயிரம் கூட்டிச் சொல்கிறார்.

முதல் சுமை, அத்திப்பட்டுக்கு எண்பது டன் டிரான்ஸ்ஃபார்மர்.
நள்ளிரவு. முன்னால் இரண்டு பேர் மூங்கிலால்
கரண்ட் வயரைத் தூக்கிப் பிடித்து நடந்தார்கள்.
நான் கேபினில், காலடியில் தகடு.
காது முழுக்க அதன்மேல்தான்.
எதுவும் சொல்லவில்லை. நல்லது.

டிரைவர் எட்டியப்பன்தான் பேசிக்கொண்டு வந்தார்.
போர்டில் பழைய ஆயில் பிரஷர் முள்
பூஜ்யத்தில் படுத்திருந்தது.
"செத்துப்பூட்ச்சுன்னு சொல்லுதும்மா இது."
"அது பழசோட முள்ளு. வயர் வெட்டியாச்சு."
"தெரியும்" என்றார்.

எண்ணூர் கேட்டில் ரயிலுக்கு நின்றபோது
விரல் மடக்கி
கண்ணாடியை இன்னொரு முறை தட்டினார்.