காலடித் தகரம்

கார்பெட்டை உரித்ததும் கடல் மணந்தது.
காசிமேட்டு உப்புக்காற்று எத்தனையோ மழைக்காலம்
உள்ளே உட்கார்ந்து எழுந்து போன மணம்.
டிரைவர் பக்கம் ஸ்க்ரூடிரைவரால் குத்தினேன்.
அப்பளம்.
ஓட்டை வழியே தண்டையார்பேட்டை தெரிந்தது:
கொஞ்சம் சிமெண்ட் தரை, ஒரு பீடித்துண்டு,
குறுக்கே போன பூனையின் நாலு கால், தலையில்லாமல்.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு.
மண்ணடியில் மருந்துக்கடை வைத்திருக்கும் மெஹருன்னிசா
போன மாசம் வாங்கியது.
'அடியில மட்டும் கொஞ்சம் துரு' என்று சொல்லி
அவர் தலையில் கட்டியிருக்கிறார்கள்.
கொஞ்சம் துரு என்று ஒன்று கிடையாது.
துரு பந்தியில் உட்கார்ந்தால்
இலையையும் தின்றுவிட்டுத்தான் எழுந்திருக்கும்.

கதவு வாசல் இரண்டிலும் குறுக்கே பைப் வைத்து
டேக் அடித்தேன். தரையை எடுத்தால் பாடி
இடுப்பில் மடங்கிவிடும், பிறகு எந்தக் கதவும் சாத்தாது.
பெட்ரோல் டேங்கை இறக்கித் தெருக்கோடியில் வைத்துவிட்டு
சாக்கை நனைத்துக்கொண்டு வந்தான் எபினேசர்.
கட்டிங் வீல் அலறியது.

தார். தாருக்கு அடியில் தகரம்.
தகரத்துக்கு அடியில் இன்னொரு தகரம், வேறு எவனோ.
மூன்றாவதைப் பெயர்த்தபோது
தலைகீழாக எழுத்து வந்தது:
நிகர எடை 15 கிலோ.
பாமாயில் டின்.

"எந்த கெலீஜ் பையன் பார்த்த வேலைண்ணே இது?"
எபி சிரித்துச் சிரித்து இருமினான்.
நான் முகமூடியைத் தூக்கி
பற்று வரியைப் பார்த்தேன்.
இடப்பக்கமாய்ச் சாய்ந்து,
இரண்டு விரற்கடைக்கு ஒருமுறை
பல்லி வால் மாதிரி ஒரு இழுப்பு.
எனக்கு இடதுகைப் பழக்கம்.

பத்தொன்பது வருஷம் இருக்கும்.
கொருக்குப்பேட்டை கேட் பக்கத்து ஷெட்.
புரோக்கர் தனகோட்டி சொன்னார்:
"காலையில பார்ட்டி வருது.
ஷூவால அமுக்குவான், நின்னா போதும்."
டின் பஜ்ஜிக்கடையில் கிடைத்தது. கூலி இருநூற்றைம்பது.
பார்ட்டி வந்தார். அமுக்கினார். நின்றது.
அவருடைய மகள், ஐந்து வயசு இருக்கும்,
ஸ்டீரிங்குக்குக் கீழே ஏறி நின்று
ரெண்டு காலாலும் குதித்தாள்.
நான் துடைத்த ஸ்பேனரையே
திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பதினெட்டு கேஜ் தகடு.
அட்டையில் வெட்டி அளவு பார்த்தேன், ஒரு முறை போதும்,
மூன்று முறை பார்த்தேன்.
இந்த மூலையில் ஒரு டேக், எதிர்மூலையில் ஒன்று.
ஒரே பக்கமாய் ஓட்டினால்
சூட்டில் தகடு அலையடிக்கும்.
நடுவில் ஆறவிட வேண்டும்.
ஆறும் நேரத்தில் எண்ணூர் போகும்
கண்டெய்னர் லாரிகளை எண்ணினேன்.
நாற்பத்தொன்றில் விட்டுவிட்டேன்.
"எவன்னு தெரிஞ்சா நாலு அறை உடலாம்ணே."
"டீ வாங்கினு வா."

சாயங்காலம் வந்தார்.
மூலையில் சாத்தியிருந்த டின்னைக் குனிந்து படித்தார்.
"இதுமேலயா கால் வச்சு ஓட்டினாங்க?"
"ஆமா."
"யார் வேலை?"
எபி பதிலுக்கு வாயைத் திறந்தான்.
"என்னுது" என்றேன்.

டீ ஆறிக்கொண்டிருந்தது.
"காலாவதியான மருந்தை நாங்க
திருப்பி எடுத்துக்கறது உண்டு" என்றார்,
பில்லைப் பார்ப்பது போல என்னைப் பார்த்து.
இருநூற்றைம்பது கழித்தேன்.
வட்டி? என்றார். சிரித்தாரா என்று தெரியவில்லை.
பிறகு சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து
சீட் இல்லாத காருக்குள் ஏறி
குதிகாலால் அமுக்கினார்.
இன்னொரு முறை.
அப்புறம் குதித்தார்.

ரெட் ஆக்சைடு மேல்பக்கம் மட்டும் அடித்திருக்கிறேன்.
அடிப்பக்கம் தார் பூசவில்லை.
நாளைக்கு ஜாக்கியில் ஏற்றி
விளக்கைக் கையில் கொடுத்து
அவரையே கீழே போய்ப் பார்க்கச் சொல்ல வேண்டும்.
அதுவரை வெறும் மேனியாய்க் கிடக்கட்டும்
வரி,
இடப்பக்கமாய்ச் சாய்ந்து.