ஒரு முழம் நாடா

கடலுக்குக் கடுகு.
கேன்டீன் முறத்தில் கால் படியைச் சாய்த்துச் சாய்த்து
வங்காள விரிகுடாவை நான்தான் செய்தேன்.
பீரங்கிக்குத் தகரப் பீப்பாயும் ஈரச் சாக்கும்.
மூழ்குவதற்கு ஒரு பித்தளைக் குடம்,
ஸ்டுடியோ கூட்டுகிற அஞ்சலையிடம் இரவல்.
கப்பல் சங்குக்கு எங்கே போவது?
விடிவதற்கு முன்னே முதலியார்பேட்டை மில் வாசலில்
மைக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வியாழன் இரவு எட்டு மணிக்குப் போனது நாடகம்.
திங்கட்கிழமை கடிதங்கள்.

'சங்கு கேட்டதும் என் வீட்டுக்காரர்
சட்டையை மாட்டிக்கொண்டு ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டார்.
பாதி வழியில்தான் திரும்பினார்.
ஆறின சோற்றுக்கு யார் பொறுப்பு?'
நைனார்மண்டபத்து நேயர் ஒருவர்.

துமாஸ் தெருவிலிருந்து
ஆந்துவான் சவரிராயன், பென்ஷன் வாங்கும் சொல்தா,
பச்சை மையில் நாலு பக்கம்:
'குண்டு பட்ட பிறகு உங்கள் கேப்டன்
இரண்டு நிமிடம் பேசுகிறார்.
எங்களில் யாருக்கும் அவ்வளவு பேச்சு இருந்ததில்லை.
தோங்கிங் ஆற்றில் படகு கவிழ்ந்தபோது
என் சிநேகிதன் கடைசியாகச் சொன்னது "பீடி".
இதை வானொலியில் படிக்க வேண்டாம்.
அவன் மனைவி தினமும் கேட்பவள்.'

திருப்பாதிரிப்புலியூர் டீக்கடையில் கரண்ட் போய்விட்டதாம்.
'கப்பல் என்ன ஆயிற்று? இங்கே இரண்டு கட்சி.
பந்தயம் எட்டு ரூபாய். பதில் கார்டு வைத்திருக்கிறோம்.'
'மூழ்கியது' என்று
ஒரே சொல்லில் எழுதிப் போட்டேன்.

கடைசியில் ஒரு இன்லண்டு.
'எங்கள் வீட்டில் குடத்தை முக்குவது கிடையாது.
தொட்டியானாலும் கிணற்றடியானாலும்
சொம்பால் மொண்டு மொண்டுதான் ஊற்றுவோம்.
அம்மா அப்படிப் பழக்கிவிட்டாள்.
மாமியார் வீட்டில் இதற்கு ஏச்சு வாங்கியிருக்கிறேன்.
யுத்தத்தில் அப்பா கப்பலில் கரி தள்ளியவர்.
அதற்கு மேல் எங்களுக்கு ஒன்றும் தெரியாது.
வியாழக்கிழமை அந்தச் சத்தம் வந்ததும்
தட்டிலிருந்து கையை எடுத்தார்.
"பத்தொன்பது பேரு" என்றார்.
அப்புறம் மோர் கேட்டார்.
திரும்பவும் போடுவதாக இருந்தால் தேதி தெரிவிக்கவும்.
அன்றைக்கு அவரை
நெல்லிக்குப்பம் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன்.
இரா. தையல்நாயகி, சோனங்குப்பம், கடலூர் முதுநகர்.'

தேதி எனக்கே தெரியவில்லை.
ஒரு செவ்வாய்க்கிழமை
வேர்க்கடலைப் பூச்சி பற்றிப் பேச வேண்டியவர் வரவில்லை.
'அந்தக் கப்பலை எடுத்துப் போடு' என்றார்கள்.
இரண்டு மணி நேரம் இருந்தது.
எந்தத் தபால் போய்ச் சேரும்?

தயாரிப்பாளர் டீக்குப் போனார்.
நான் பிளேடை எடுத்தேன்.
பூக்காரி அளக்கிற மாதிரி
விரல் நுனியிலிருந்து முழங்கைவரை
பழுப்பு நாடா, ஒரு முழம்.
வெட்டி ஒட்டியது யாருக்கும் தெரியவில்லை.
கேப்டன் பேசினார். கடுகு அலையடித்தது.
கடுகு அலையடித்தது. பாட்டு வந்தது.

வெள்ளிக்கிழமை ஒரு கார்டு, அதே கையெழுத்து.
'சங்கு ஊதியதும் அப்பா தானாக எழுந்து வந்தார்.
ரேடியோவுக்குப் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டார்.
இருங்கள் என்று யாரும் சொல்லவில்லை,
போங்கள் என்றும் சொல்ல முடியவில்லை.
பாட்டு முடிந்து வயலும் வாழ்வும் முடிந்து
நிலையத்தை மூடுகிறவரைக்கும் உட்கார்ந்திருந்தார்.
"இந்தத் தடவ முழுகலியே" என்றார்.
"அப்ப அவனுங்க எங்க?" என்றார்.
தினமும் கேட்கிறார்.
நான் என்ன சொல்லட்டும்?'

டீக்கடைக்கு எழுதின சொல்லைத்தான்
இங்கேயும் எழுத வேண்டும்.
பேனாவைத் திறந்து வைத்தேன். மூடினேன்.
இழுப்பறையில் சுருண்டு கிடக்கிறது,
குண்டூசி டப்பாவுக்கும் தபால் தலைகளுக்கும் நடுவே,
இரண்டரை விநாடி.
அஞ்சலை கதவைத் தள்ளிக்கொண்டு வந்து
'என் குடம் எங்க சார்?' என்கிறாள்.