கொந்தரப்பு

வடமலையைப் பிடித்துக்கொண்டு போனது முந்தின செவ்வாய்க்கிழமை.
பன்றிக்கு வைத்த வயர்ச் சுருக்கில்
சிறுத்தை விழுந்துவிட்டது, பதினோராம் நம்பர் மலையில்.
வனசீவராசி ஜீப் இரண்டு வந்தது.
நாடா பிடித்து அளந்தார்கள்:
மூக்கிலிருந்து வால்நுனி வரை ஆறடி நாலங்குலம்.
பல்லை எண்ணினார்கள். நகத்தை எண்ணினார்கள்.
மிருக வைத்தியர் வயிற்றைக் கிழித்து
கடைசியாகத் தின்றது லயத்து நாய் என்று எழுதினார்.
அட்டன் கோர்ட்டில் பதினாலு நாள் விளக்கமறியல்.
வழக்குக்கு எண் இருக்கிறது. தவணை இருக்கிறது.

நான் ஒரு மனிதனைச் சுட்டேன்.
அதற்கு எண் இல்லை.

அது வேறு நாடு. பேர் சொல்லக்கூடாதென்று
பதினேழாம் பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
ஒரு தூதரகத்து வாசல். அவர்களுடைய ராணுவம் நிற்கவேண்டிய இடம்.
ராணுவம் செத்தால் பேப்பரில் வரும்,
பாராளுமன்றத்தில் எழும்பிக் கேட்பார்கள்.
அதனால் எங்களை நிறுத்தினார்கள்.
அரசாங்கம் பெரிய கம்பனிக்குக் கொடுத்தது,
பெரிய கம்பனி துபாய்க் கம்பனிக்கு,
அது கொழும்பு ஏஜன்சிக்கு,
ஏஜன்சி, டிக்கோயாவில் ரீலோட் கடை வைத்திருந்த லோகிதனுக்கு.
லோகிதன் என்னிடம் வந்தான்.

நம்ம ஆட்கள் இதற்கு வைத்த பேர் பழையது.
புல்லு வெட்டக் கொந்தரப்பு, கான் வெட்டக் கொந்தரப்பு.
ஆனால் கான் சரிந்தால் துரை கங்காணியைக் கேட்பார்,
கங்காணி உன் அம்மாவை இழுத்துக் கேட்பான்.
யாராவது கேட்பார்கள்.

வெள்ளை டொயோட்டா. மெதுவாகத்தான் வந்தது.
கையைக் காட்டினேன். இங்கிலீசில் கத்தினேன்,
அவனுக்கும் வராத இங்கிலீசு, எனக்கும் வராத இங்கிலீசு.
மூன்று குண்டு.
பின் சீட்டில் தக்காளிப் பெட்டிகள்.
சூப்பர்வைசர் வந்து பார்த்தான்,
ஒரு பாரத்தில் 'சம்பவம்' என்ற கட்டத்துக்குள் புள்ளடி போட்டான்.
தோட்டாக் கணக்கில் குறைவு மூன்று.
அன்றிரவே விமானம்.
சம்பளத்தில் நாலு நாள் வெட்டினார்கள்.

போன மாதம் நோர்வூட் பொலிசுக்குப் போனேன்.
முறைப்பாடு யார் மேல் என்றார் சார்ஜன்ட்.
என் மேல் என்றேன்.
பேனாவை மூடினார்.
எந்த இடம்?
சொன்னேன்.
சுவரில் தொங்கிய வரைபடத்தை நிஜமாகவே திரும்பிப் பார்த்தார்:
காசல்ரீ தண்ணீர், சில பாலங்கள், தோட்டம் தோட்டமாகப் பச்சை.
நம்ம எல்லை இல்லையே தம்பி என்றார்.
கோபமில்லை. தேத்தண்ணி வரவழைத்துத் தந்தார்.

கொழும்பு ஏஜன்சி இருந்த மாடியில் இப்போது பல் வைத்தியர்.
துபாய்க் கம்பனி பேரை மாற்றிக்கொண்டது.
அந்த நாட்டுச் சட்டம் எங்களைத் தொடாதென்று
அந்த நாட்டிடமே எழுதி வாங்கியிருந்தார்களாம்.
வாடகைக்கு எடுத்த நாட்டின் சட்டத்துக்கு
நான் அதன் பிரசை இல்லை.
இதை விளக்க அட்டன் லோயர் ரெண்டாயிரம் வாங்கினார்.
விட்டுத் தள்ளு, உனக்கு நல்லதுதானே என்றார்.

இங்கே கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர்.
செக்ரோலில் விழும், லயம் முழுக்கத் தெரியும்.
அந்த ஆளுக்கு அரைப்பேர்கூட இல்லை.
தக்காளிப் பெட்டியில் எழுதியிருந்ததை
அவன் பேர் என்று வெகுநாள் நினைத்திருந்தேன்.
போனில் எடுத்த படத்தை, அந்தப் பாஷை தெரிந்த ஒருவன்
வாசித்துச் சொன்னான்: அது ஒரு சந்தையின் பேர்.

நாளைக்கு வடமலைக்குப் பிணை நிற்கவேண்டும்.
கிராம சேவகர் சான்றிதழ் எழுதித் தந்துவிட்டார்:
காத்தமுத்து மகன் புண்ணியசீலன்,
இவர் மீது எக்குற்றமும் பதியப்படவில்லை,
நன்னடத்தை உடையவர்.

முத்திரை ஊதா நிறம்.
மழை ஈரத்தில் இன்னும் காயவில்லை,
மடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறேன்.