திங்கட்கிழமைச் சலவை

தவக்காலம் வந்தால்
என் கணவரின் தோள்துகில் வாராவாரம் அழுக்காகும்.
கழுத்தில் மாட்டினால் கணுக்கால் வரை தொங்கும் ஊதாப் பட்டு.
நடுவே ஏழு பொத்தான். அடியில் குஞ்சம்.
குஞ்சத்தில் ஒவ்வோர் இழையும்
அவர் பொறுப்பில் உள்ள ஓர் ஆத்துமா என்பார்கள்.
நான் எண்ணியதில்லை,
சிக்கெடுத்திருக்கிறேன்.

பாவசங்கீர்த்தனத்துக்கு வருகிறவர் மண்டியிட்டதும்
இந்தத் துணியை அவர் தலைமேல் போர்த்துவார்.
உள்ளே பேசுவது எனக்குத் தெரியாது,
தெரியவும் கூடாது.
ஒட்டிக்கொண்டு வருவது மட்டும் என் கைக்கு வரும்.
தபால் நிலையத்து வியோரிகாவின் உதட்டுச்சாயம்.
வலைக்காரர்களின் டீசல்.
யாரோ நெற்றியை அழுத்தி அழுத்தி
மெழுகாய்ப் பளபளக்கும் ஓரிடம்.
கண்ணீர் கறைவிடாது என்றுதான் நினைத்திருந்தேன்.
பட்டில் விடும்.
டான்யூப் வற்றும்போது கரைச்சுவரில் தெரியுமே,
அந்த மாதிரி ஒரு வெள்ளை ஓரம்.

வெந்நீர் ஆகாது. காடி இரண்டு கரண்டி.
பிழியாமல் துண்டில் சுருட்டித்
தூங்காத பிள்ளையைத் தட்டுவதுபோல் தட்டவேண்டும்.
கல்யாணமான புதிதில் முறுக்கிப் பிழிந்துவிட்டேன்.
அந்த ஞாயிறு பீடத்தின் முன்
கசங்கிய கொடிபோல நின்றார், பாவம்.

இந்தத் திங்கள்
மூன்றாம் பொத்தானில் ஒரு முடி சுற்றியிருந்தது.
நீளம். செம்பு நிறம்.
வேர்ப்பக்கம் ஒரு விரலளவு நரை.

அந்தச் செம்பு எங்கள் அப்பாவுடையது.
என்னைத் தாண்டி லியோந்தினாவுக்குப் போனது.
அக்கரையில் இருக்கிறாள்.
ஒன்பது குளிர்காலமாய்ப் பேச்சில்லை.
அம்மாவின் வீட்டை, அந்த நீல ஓட்டு அடுப்போடு சேர்த்து,
புக்கரெஸ்டிலிருந்து வந்த விடுதிக்காரனுக்கு விற்றாள்.
படகுத்துறையில் நான் ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன்.
அதை இங்கே எழுதமாட்டேன்.

இரவு பீன்ஸ் சூப். எண்ணெய் இல்லை.
"ஆற்றில் பனி உடைந்துவிட்டதா?" என்றேன்.
"உடைந்துவிட்டது."
"படகு ஓடுகிறதா?"
"ஓடுகிறது" என்று ரொட்டியைப் பிட்டார்.
அவ்வளவுதான்.
சாவியை விழுங்கிய பூட்டு, என் கணவர்.

நான் தூங்கவில்லை.
நான் துவைத்த துணிக்குள் ஒளிந்துகொண்டு
என் கணவரிடம் சொல்லியிருக்கிறாள்,
என்னிடம் சொல்லாததை.
விடியும் நேரத்தில் இன்னொன்று தோன்றியது.
அது என்னைப் பற்றியே இல்லாமலும் இருக்கலாம்.
கடையில் எடை குறைத்தது, யாரையோ விரும்பியது,
அவளுக்கென்று எத்தனையோ.
வலித்தது அதுதான்.

பாதிரியார் மனைவி தன் புருஷனிடம் பாவம் சொல்வதில்லை.
புதன்கிழமை பேருந்தில் துல்சியா போனேன்,
பக்கோமி பாதிரியாரிடம்.
அவர் துகில் என்மேல் இறங்கியதும் இருட்டு.
வேறொரு வீட்டின் சோப்பு வாசம்.
இஸ்திரி சற்றுக் கூடுதலாய்ச் சுட்ட வாசமும்.
கண்ணுக்கு நேரே ஒரு பொத்தான்,
பொருந்தாத பச்சை நூலில் தைத்தது.
அவசரத்தில் யாரோ.
அந்தப் பச்சை நூலைப் பார்த்துக்கொண்டே
வாக்கியத்தைச் சொன்னேன்,
படகுத்துறையில் சொன்னபடியே, ஒரு சொல் குறையாமல்.
பட்டுக்கு மேலே அவர் கை
கொஞ்சம் கனத்தது.

எழுந்தபோது என் முடி ஒன்று
துணியில் ஒட்டியிருந்தது. கறுப்பு.
எடுத்திருக்கலாம்.
எடுக்கவில்லை.
திங்கட்கிழமை பச்சை நூல்காரி பார்ப்பாள்.

வீட்டில் அந்தச் செம்பு முடி
பொத்தானிலேயே இருக்கிறது.
அதைச் சுற்றித்தான் துவைத்தேன்.
அடுப்புக்குப் பக்கத்தில்
படகு நேர அட்டவணை ஒட்டியிருக்கிறேன். வியாழன், சனி.
அவர் அதைப் பார்த்தார்.
உப்பைக் கொஞ்சம் என் பக்கம் நகர்த்திவைத்தார்.