இருபத்திரண்டாம் பாகம்

இரண்டு மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டினேன்.
முந்நூற்றுப் பத்து மரம்.
நைட்டிக்கு மேல் போட்ட அவருடைய பழைய சட்டைப் பைக்குள்
புத்தகம், மரத்துக்கு மரம்
விலாவைத் தட்டிக்கொண்டே வந்தது.

நேற்று மார்த்தாண்டம் பஸ் ஸ்டாண்டில்
அட்டையில் அவள் பெயர்:
டாக்டர் யூனிஸ்.
செத்தவள்.
பதினான்காம் பாகத்தில், எரியும் வீட்டுக்குள்
கடைசிப் பக்கம்வரை இருமிக் கிடந்தவள்.
இனி இந்த ஆளின் கதையைத் தொடமாட்டேன்
என்று அன்றைக்குச் சொன்னது.
ஏழு வருஷம் தொடவில்லை.
அடுத்தடுத்த அட்டைகளைக்கூடப் பார்க்கவில்லை,
யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவேன்.
நேற்று, கடைக்காரர் மீதிச் சில்லறை எண்ணுவதற்குள்
முதல் பத்தி முடிந்திருந்தது.

வெட்டி முடித்தால் பால் வடியும்வரை சும்மாதான்.
பாறைமேல் சாக்கு, பிளாஸ்கில் கட்டன் சாயா,
அருமனைப் பக்கத்து இருட்டு முழுக்க எனக்கு.

அதே பழைய வித்தைகள்.
அத்தியாயம் முடிகிற இடத்தில் ஒரு டெலிபோன்.
மழை வேண்டும் என்கிறபோதெல்லாம் மழை.
அரவமுதன் இன்னும் சுவருக்கு அப்புறமிருந்தே பேசுகிறான்,
இத்தனை பாகத்தில் அவனைக் கண்ணால் கண்டவர் இல்லை.
சிரித்தேன்.
பிறகு விளக்கைப் பின்னால் திருப்பிப் பார்த்துக்கொண்டேன்.
வெள்ளை நிறைந்த செரட்டைகள்.
வேறொன்றுமில்லை.

“அவன் ஆளே இல்ல, கேட்டியா,
அவளுக்க தலைக்குள்ள உள்ள சத்தமாக்கும்.”
பக்கத்துத் தோட்டம் வெட்டிய ஞானதாஸ்
எட்டாம் பாகத்திலேயே சொன்னான்.
உண்டு என்றேன் நான்.
ஒரு கிலோ ஒட்டுப்பால் பந்தயம்.
அவன் குவைத்துக்குப் போய்விட்டான், பந்தயம் இங்கே கிடக்கிறது.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இடறியது.
தீப்பிடித்த இரவை யூனிஸ் ஓர்மைப்படுத்துகிறாள்:
படிக்கட்டு, மண்ணெண்ணெய் வாடை, உடைந்த ஜன்னல்.
நீலக் கதவு எங்கே?
கீழ்ப்பாதியில் பெயின்ட் உரிந்த,
எவ்வளவு தட்டினாலும் திறக்காத கதவு.
ஏழு வருஷமாய் என் தூக்கத்துக்குள் வருகிறதே அது.
இத்தனை பாகம் எழுதுகிற மனுஷனுக்கு
ஒரு கதவு நினைவில் நிற்காதா
என்று வாய்விட்டே திட்டினேன்.

பாலெடுத்து, ஆசிட் கலந்து, தட்டில் ஊற்றிவிட்டு
புகைக்கூட்டுப் பரணிலிருந்து
பதினான்காம் பாகத்தை இறக்கினேன்.
ரப்பர் புகை பிடித்துப் பழுத்த தாள்.
படிக்கட்டு. மண்ணெண்ணெய். ஜன்னல்.
கதவு என்ற சொல்லே இல்லை.

கடைசித் தாளுக்கு முன்னால் ஒரு சீட்டு.
ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரி. டோக்கன் 47.
மெர்லின், வயது 19.

என் தங்கை.
அவளுக்கும் சேர்த்துத்தான் நான் வாசிப்பேன்,
எழுத்து மங்குகிறது என்பாள் அந்த மாசங்களில்.
ஸ்ட்ரெச்சரில் போகும்போது கேட்டாள்,
“அக்கா, டாக்டர் பொழைப்பாளா?”
எந்த டாக்டர் என்று அங்கிருந்த நர்ஸ் குழம்பினாள்.
வாசிச்சிட்டுச் சொல்லுதேன் பிள்ளே, என்றேன்.
நீலக் கதவு சாத்திக்கொண்டது.
அதற்கு வெளியே பெஞ்சில்
யூனிஸ் இருமிக்கொண்டிருந்தாள்.
என் பெயரைக் கூப்பிட்டபோது
மூன்று வரி மிச்சமிருந்தது.

ஆசிரியர்மேல் கோபம் என்றுதான் ஊரில் சொன்னேன்.
வீட்டிலும். எனக்கும்.

இன்று அந்த மூன்று வரியையும் வாசித்தேன்.
உடைந்த ஜன்னல் வழியே ஒரு கை உள்ளே வருகிறது.
யூனிஸ் அதைப் பிடித்துக்கொள்கிறாள்.
கை யாருடையது என்று எழுதவில்லை.

பொழைச்சிட்டா பிள்ளே,
என்றேன், புகை படிந்த சுவரைப் பார்த்து.
கொஞ்சநேரம் அங்கேயே நின்றேன்,
சுவர் ஏதும் சொல்லுமோ என்று.

ஞானதாஸுக்கு மெசேஜ் போட்டேன்:
பதினாலு, கடைசிப் பக்கம், கடைசி மூணு வரி பாரு.
ஒரு கிலோ. ஈரம் போனது. மறந்துராத.