எட்டரை மணி அளவு

ஊத்துக்கோட்டைத் தரைப்பாலத்துக்குக் கொஞ்சம் மேலே
ஆரணியாற்றில் நட்டிருக்கும் அளவுகோலை
தினமும் காலை எட்டரைக்குப் படிப்பது என் வேலை.
நாள்கூலி.
படித்த எண்ணைச் செயலியில் ஏற்றினால்
பச்சையாய் ஒரு டிக் விழும்.
அதற்கப்புறம் அது எனக்குத் தெரியக்கூடாத எண்.

செயலியும் நம் வரியில் செய்ததுதான்.
தீப்பெட்டிக்குக் கட்டிய வரி,
தேசம்மா தன் பால்வண்டிக்கு ஊற்றிய டீசலின் வரி.
அந்த வண்டி கார்த்திகையில் பாலத்தின் நடுவே நின்றுபோனது.
மேலே பிச்சாட்டூரில் திறந்த கணக்கு
விடியுமுன்னே வந்துவிட்டிருந்தது
கடவுச்சொல் உள்ள நான்கு பேருக்கு.
கேன்கள் போன திசையில் போகாமல்
தேசம்மா ஒரு வேலிக்காத்தான் கிளையைப் பிடித்துக்கொண்டாள்.
உள்ளங்கையில் இன்னும் முள் இருக்கிறது.

மறுவாரம் மனு எழுதினேன்:
பத்து வருட அளவுகள் வேண்டும்.
அதில் எட்டு வருடம் நான் எடுத்தவை.
முத்திரையோடு பதில் வந்தது.
பக்கத்துக்கு இவ்வளவு ரூபாய்,
நகலெடுக்கவோ பிறருக்குத் தரவோ அனுமதி இல்லை.
வெள்ளம் யாரிடம் அனுமதி வாங்கியது
என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.
நாள்கூலி.

அன்று சாயங்காலம்
முனிரத்தினம் பரோட்டாக் கடைச் சுவரில்
சாக்பீஸால் அன்றைய அளவை எழுதினேன்.
கொஞ்சம் யோசித்துக் கீழே:
யாரும் எடுக்கலாம், மாற்றி எழுதலாம், விற்கலாம்கூட.
எடுத்த இடத்தைச் சொன்னால் போதும்.

"விக்கலாமா?" என்றார், மாவை வீசியபடி.
விற்கட்டும்,
தண்ணீருக்கு முன்னால் போய்ச் சேர்ந்தால் சரி.

நான்காம் நாள் நாகலாபுரத்திலிருந்து வந்த பஸ்ஸில்
கண்ணாடியோரம் ஒரு காலண்டர் அட்டை, பின்புறம் தெலுங்கு.
எனக்குப் பேச வரும், படிக்க வராது.
கண்டக்டர் படித்தார்:
ஊத்துக்கோட்டை பரோட்டாச் சுவர் சொன்னபடி.
பிறகு என் எண்.
பக்கத்தில் நான் கேட்டே பார்த்திராத இன்னோர் எண்,
மதகில் எத்தனை கனஅடி என்று.
மூலையில் பொடி எழுத்தில்:
ஐயா, உங்கள் ஏழு ஒன்று மாதிரி இருக்கிறது.

அட்டையைத் திருப்பி அனுப்பினேன்,
'ஐயா'வை மட்டும் அடித்துவிட்டு.
ஏழுக்கு இப்போதெல்லாம் நடுவில் ஒரு கோடு.

மழை பிடித்துக்கொண்டது.
நனையாத சுவர் எது என்று தேடி
முனிரத்தினம் மேஜைகளை நகர்த்திக்கொண்டிருக்கிறார்.