பத்துக்கு நான்கு

வீடு பிடித்துவிட்டது அவர்களுக்கு.
புதுக் கூரை, மேப்பிள் மரம்,
டுலூத் ஏரி தெரியும் ஒரு சன்னல்.
அடுப்படியில் நின்றபடி ஆனிக்கா கேட்டாள்:
"இங்கே பள்ளிக்கூடம் எப்படி?"

வீடு விற்கிறவன் அதற்குப் பதில் சொல்லக் கூடாது.
நல்ல பள்ளி, நல்ல தெரு, நல்ல ஆட்கள்:
மூன்றையும் ஒரே வாய்தான் சொல்லும் என்று
சட்டத்துக்குத் தெரியும்.

"பத்துக்கு நான்கு போட்டிருக்கிறான்."
ட்ராவிஸ் கைபேசியை நீட்டினான்,
பால் திரிந்துவிட்டதா என்று
முகரச் சொல்கிறவன் போல.

அந்த நான்கு எனக்குப் பழக்கம்.
பிப்ரவரியில் வந்திறங்கிய சோமாலியப் பிள்ளைகள் ஆறு பேரை
ஏப்ரல் தேர்வில் உட்காரவைத்தார்கள்.
மாடி வராந்தாவில் ஒழுகும் இடத்தில் ஒரு வாளி,
இரண்டு வருடமாக அதே வாளி.
கணக்கு டீச்சர் பாதியில் போய்விட்டார்.
என் மகள் கோரா வாய்ப்பாடு கற்றது
அங்கே இல்லை, என் காரில்.

ஆனால் ஒருநாள் வகுப்பில் எட்டிப் பார்த்தேன்.
திக்கித் திக்கி அவள் ஒரு வரியை முடிக்கும்வரை
இருபத்தாறு பேர் காத்திருந்தார்கள்.
ஒருவன் கொட்டாவி விட்டான்.
யாரும் சிரிக்கவில்லை.

இதில் எதையும் சொல்லவில்லை.
"செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு
வாசலில் நின்று பாருங்கள்" என்றேன்.
அவ்வளவுக்கு அனுமதி உண்டு.

செவ்வாயன்று அந்த வழியாகப் போனேன்.
எதிர்ப்பக்கம் அவர்களுடைய சாம்பல் நிறக் கார்.
வைப்பர் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தது.
கண்ணாடியை இறக்கவில்லை.
மணி அடித்து, பேருந்துகள் போய்,
கடைசிப் பையனும் கையுறையைத் தேடி எடுத்துக்கொண்டு போனபின்னும்
கார் கிளம்பவில்லை.